ஒரே வீடு, ஒரே சமையல்: எனக்கு 33 வாரம், ஓரகத்திக்கு 40 வாரம். காரணம் என்ன?

ஈசூன் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இரண்டாம் முறையாகக் கருவுற்றிருக்கிறேன். இன்றோடு 12 வாரம் நிறைகிறது. மூத்தவன் இரண்டரை ஆண்டுகளுக்கு முன் 33 வாரத்திலேயே பிறந்துவிட்டான். அன்று அரிசி களைந்துகொண்டிருந்தபோது காலோடு நீர் வழிந்தது. சிறுநீர்தான் அடங்காமல் போகிறது என்று எண்ணி, உடையை மாற்றிக்கொண்டு, உலையும் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனைக்குச் சென்றேன். பனிக்குடம் உடைந்திருப்பதாக அங்கே சொன்னார்கள். மறுநாள் மாலை 1,900 கிராம் எடையோடு அவன் பிறந்தான். அங்கிருந்த மிகச் சிறிய டயப்பரும் அவனுக்கு அக்குள்வரை வந்தது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். இப்போது நலமாக, ஓயாத குறும்போடு இருக்கிறான்.

அதே ஆண்டில், அதே வீட்டில், அதே குழம்பை உண்டு வளர்ந்த வயிறு என் ஓரகத்தியினுடையது. அவருக்கு 40 வாரம் நிறைந்து 3.2 கிலோ எடையில் பெண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து என் மாமியார் இருவரையும் ஒப்பிட்டுப் பேசுவதை நிறுத்தவில்லை. வளைகாப்பு முடிந்த வாரத்தில் நான் பப்பாளி உண்டதும், மின்தூக்கி பழுதான நாளில் ஒன்பது மாடி ஏறியதும்தான் காரணம் என்பது அவருடைய முடிவு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆயினும், இம்முறை வயிறு இலேசாக இழுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. பிறப்பதற்கு முன்னுள்ள எந்தெந்தக் காரணிகள் குறைப்பிரசவத்தோடும் நிறைமாதப் பிரசவத்தோடும் உண்மையிலேயே தொடர்புடையவை, அவற்றுள் என் கையில் இருப்பவை எவை என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய தாதி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ அறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவள், மருத்துவர் அல்லள். ஆகையால் கீழே எழுதுபவற்றை உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இரண்டு மணி நேரத்தை மனத்திலிருந்து இறக்கிவையுங்கள். பனிக்குட நீரையும் சிறுநீரையும் கண்ணால் பிரித்தறிவது எங்களுக்கே பல வேளைகளில் முடியாமல், சோதனை செய்துதான் உறுதிசெய்வோம். இம்முறை அப்படி ஐயம் வந்தால் சுத்தமான பேட் ஒன்றை வைத்துக்கொண்டு, அதை மாற்றாமல், நேரே கிளம்பிவிடுங்கள். பேடின் ஈரமும் நிறமும் மணமும் எங்களுக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பதைத்தான் குறைப்பிரசவம் என்கிறோம். உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தை அப்படிப் பிறக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020-இல் மட்டும் 13.4 மில்லியன். ஆனால் இதை ஒரே நோய் என்று நினைப்பதால்தான் வீட்டில் இவ்வளவு குழப்பம். சிலருக்கு வலி முதலில் வரும். உங்களைப் போன்ற சிலருக்கு வலியே இல்லாமல் பனிக்குடம் உடையும். இன்னும் சிலருக்கு எதுவும் தானாக நடப்பதில்லை. இரத்த அழுத்தம் ஏறியோ, குழந்தையின் வளர்ச்சி நின்றோ, நஞ்சுக்கொடி பிரிந்தோ ஆபத்து நெருங்குவதால் மருத்துவர்களே முடிவெடுத்துக் குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கடைசி வகை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள காரணிகள் வேறு.

உங்கள் வகைக்கு நான் கேட்க விரும்பும் கேள்விகள் சில. அந்த வாரங்களில் சிறுநீர்ப் பாதையிலோ பிறப்புறுப்பிலோ கிருமித்தொற்று இருந்ததா? எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே சிறுநீரில் கிருமி வளர்வது கர்ப்பிணிகள் சிலரிடம் காணப்படுவது. சோதித்தால் மட்டுமே தெரியும், மருந்து கொடுத்தால் தீரும். கருப்பைவாயில் எப்போதாவது அறுவை செய்திருக்கிறார்களா? நீங்களோ உங்கள் தாயாரின் மற்றப் பிள்ளைகளோ குறைமாதத்தில் பிறந்தவர்களா? குடும்பத்தில் இது தொடர்வதுண்டு. இரட்டைக் குழந்தைகள் என்றால் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன் பிறந்துவிடும், ஆனால் உங்களுக்கு அது பொருந்தாது. இரண்டு கருவுறுதல்களுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாததும் ஒரு காரணி. அதிலும் குறிப்பாக ஆறு மாதத்துக்குக் குறைந்த இடைவெளி. உங்கள் மூத்தவனுக்கு இரண்டரை வயது என்பதால் அந்தக் கவலையும் இல்லை.

முன்பு ஒரு முறை தானாகவே குறைப்பிரசவம் ஆகியிருப்பதுதான் மறுமுறைக்கான வலுவான அறிகுறி என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும் அப்படிப்பட்ட பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கே அது திரும்ப நேர்கிறது. மற்றவர்கள் 37 வாரத்தைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த மூவரை முன்கூட்டியே கண்டுகொள்ள இப்போது நல்ல வழி இருக்கிறது. பிறப்புறுப்பின் வழியே செய்யும் ஸ்கேனில் கருப்பைவாயின் நீளத்தை அளப்பார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு 16 வாரத்திலிருந்தே தொடங்கிச் சில முறை அளப்பதுண்டு. 24 வாரத்துக்கு முன் அது 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். நம் சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் குறுக்களவு ஏறக்குறைய அவ்வளவுதான். படுத்திருக்கும் தாய்மார்களுக்கு நான் அதைக் காட்டித்தான் விளக்குவேன். குறைந்திருந்தால், இரவில் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்ளும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மருந்து தரலாம், அல்லது கருப்பைவாயில் தையல் போடலாம். வாரந்தோறும் ஊசியாகப் போடப்பட்ட இன்னொரு வகை மருந்து பயன் தரவில்லை என்பதால் அமெரிக்காவில் 2023-இல் அதன் அங்கீகாரமே திரும்பப் பெறப்பட்டது. இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

நீங்கள் 12 வாரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் உடனே கேட்டுவிடுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் பரிசோதனையில் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்க முடியும். அந்த வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 37 வாரத்துக்கு முன் பிரசவிக்க வைக்கும் முன்சூல்வலிப்பு, அதாவது கர்ப்பத்தில் வரும் அந்த இரத்த அழுத்தக் கோளாறு, அதில் 62 விழுக்காடு குறைந்தது. உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம், ஆனால் தேவை என்றால் 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்கிவிடாதீர்கள்.

மாடிப்படிக்கு வருகிறேன். ஒரு நாள் ஒன்பது மாடி ஏறியதால் பனிக்குடம் உடையாது. படுக்கையிலேயே கிடந்தால் குறைப்பிரசவத்தைத் தடுக்கலாம் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. நாள்கணக்கில் படுத்தே இருப்பதால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடுகிறது. என் தொடக்க காலத்தில் நாங்களே எத்தனையோ பெண்களை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தோம். இன்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

உங்கள் மகனுக்காக உங்கள் தொடையில் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசிகள் போட்டிருக்கக்கூடும், நினைவிருக்கிறதா? நியூசிலாந்தில் செம்மறியாடுகளை வைத்துப் பிரசவம் தொடங்குவதை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மருத்துவர், அந்த மருந்து பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டி எதிர்பாராமல் மூச்சுவிட்டதைக் கவனித்தார். 1972-இல் மனிதர்களிடம் செய்த ஆய்வு வெளியானது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு அந்த ஊசி உதவுகிறது. சீக்கிரமாக மருத்துவமனைக்கு வரச்சொல்லி நாங்கள் வற்புறுத்துவது பெரும்பாலும் இந்த ஒரு நாளைச் சம்பாதிப்பதற்காகத்தான்.

எண்ணிப் பார்ப்பவன் எழுதியது:

தாதியம்மா சொன்னதற்கு மேல் மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை. நான் சுகாதாரப் புள்ளிவிவரங்களோடு நாள் முழுவதும் வேலை செய்பவன். ஓரகத்தியோடு ஒப்பிடுகிற அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐந்து நாடுகளில் நடந்த 4.1 மில்லியன் ஒற்றைக் குழந்தைப் பிரசவங்களை ஒன்றாக வைத்துப் பகுத்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. தெரிந்த காரணிகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னும், குறைப்பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு எந்த விளக்கமும் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய தரவில் கிடைக்காத விளக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், இரண்டே பெண்களை ஒப்பிடுவதால் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. தனிப்பட்ட பெண்ணுக்கு வலுவான காரணிகளாக அந்த ஆய்வில் நின்றவை முந்தைய குறைப்பிரசவமும் முன்சூல்வலிப்பும். ஒட்டுமொத்த மக்கள்தொகையில் மிகுதியான பங்கு வகித்தவை தலைப்பிரசவமும் ஆண் குழந்தையும். உங்களுக்குப் பிறந்தது மகன், ஓரகத்திக்குப் பிறந்தது மகள் என்பதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். பப்பாளியைவிட அதற்குச் சான்று கூடுதல்.

பப்பாளிக்கு நம் ஊரிலேயே விடை தேடியிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறையினர் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. நன்கு பழுத்த பப்பாளியின் சாறு கருப்பைத் தசையைச் சுருக்கவில்லை. காயிலிருந்து வடியும் பால் வலுவாகச் சுருக்கியது. ஆகவே பெரியவர்களின் எச்சரிக்கை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம், காய்க்கு அது பொருந்தலாம். நீங்கள் உண்டது பழம் என்றால் அந்த வழக்கு அங்கேயே முடிகிறது.

தொடர்பு இருப்பதால் காரணம் ஆகிவிடாது என்பதற்குப் பல் ஈறு நல்ல எடுத்துக்காட்டு. ஈறுநோய் உள்ள தாய்மார்களுக்குக் குறைப்பிரசவம் மிகுதி என்று பல ஆய்வுகள் கண்டன. சரி, கர்ப்ப காலத்திலேயே ஈற்றுக்கு மருத்துவம் செய்தால் குறையுமா என்று 800-க்கு மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. ஈறு நலமடைந்தது, பிரசவ வாரம் மாறவில்லை. இரண்டுக்கும் அடியில் வேறொன்று இருந்திருக்கலாம், அல்லது மருத்துவம் காலம் கடந்து தொடங்கியிருக்கலாம். மீனும் ஏறக்குறைய இப்படித்தான். 70 சோதனைகளைத் தொகுத்த 2018 மதிப்பாய்வில், மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைப் பெற்றவர்களிடம் குறைப்பிரசவம் 13.4 விழுக்காட்டிலிருந்து 11.9 விழுக்காடாகக் குறைந்தது. 34 வாரத்துக்கு முந்திய பிரசவங்களில் குறைவு இன்னும் தெளிவு. மறு ஆண்டே ஆஸ்திரேலியாவில் 5,500 பிரசவங்களை வைத்துச் செய்த சோதனையில் அப்படி எதுவும் தென்படவில்லை. ஏற்கெனவே போதிய அளவு மீன் உண்பவர்களுக்குக் கூடுதல் மாத்திரையால் பயனில்லாமல் இருக்கலாம் என்பது என் வாசிப்பு. தேக்கா சந்தையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கிக் குழம்பு வைப்பவர்கள் மாத்திரைக் கடைக்கு ஓட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டுத் தரவையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு, கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பதிந்த 1,200-க்கு மேற்பட்ட சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைப் பின்தொடர்ந்து வருகிறது. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது அதில் தெரிந்தது. நீரிழிவு கட்டுப்படாவிட்டால் பிரசவத்தை முன்கூட்டியே நடத்த வேண்டிவரும் என்பதால் சர்க்கரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரத்தத்தில் ஃபோலேட் என்னும் வைட்டமின் கூடுதலாக இருந்த தாய்மார்களுக்குக் கர்ப்பகாலம் சற்று நீண்டிருந்ததும் அதே ஆய்வில் காணப்பட்டது. ஆனால் ஃபோலேட் மாத்திரையைத் தவறாமல் உண்பவர் வேறு பலவற்றிலும் தவறாதவராக இருப்பார், ஆதலால் நான் அதையும் கொஞ்சம் ஒதுங்கி நின்றே படிக்கிறேன்.

தேக்கா அத்தை எழுதியது:

எண்ணிப் பார்ப்பவர் எல்லாவற்றையும் எண்ணட்டும், நான் ஒரே ஒரு பிள்ளையை எண்ணுகிறேன். ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டாம் மாதத்தில் பிறந்த என் மகன் தேசிய சேவையை முடித்துவிட்டு இப்போது என்னைவிட ஒன்றரை அடி உயரத்தில் நின்று பேசுகிறான். இன்னொரு செய்தி. என் தங்கை மகளுக்கு அறுவைப் பிரசவம் என்று முடிவாகிவிட்டது. 37 வாரம் முடிந்ததும் நட்சத்திரம் நன்றாக அமைகிறது என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். 37 வாரம் ஆகிவிட்டால் நிறைமாதம்தானே, எடுத்துவிடலாமா?

பழைய தாதி எழுதியது:

அத்தைக்கு: எட்டாம் மாதக் கதை எங்கள் வார்டில் நாள்தோறும் பொய்யாகிக்கொண்டிருந்த ஒன்று. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குச் சாதகமே; எட்டாம் மாதத்தில் மட்டும் அது தலைகீழாகிவிடாது.

நட்சத்திரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 37, 38 வாரங்களை இப்போது முழு நிறைமாதம் என்று மருத்துவர்கள் கொள்வதில்லை. 39 வாரம் தொடங்கி 40 வாரம் 6 நாள் வரை உள்ளதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வேறு மருத்துவக் காரணம் எதுவுமின்றி மீண்டும் அறுவை செய்துகொண்ட தாய்மார்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு 2009-இல் வந்தது. 39 வாரத்தில் எடுத்த குழந்தைகளில் 8 விழுக்காட்டினருக்கு மூச்சுத்திணறல் முதலிய சிக்கல்கள் வந்தன. 37 வாரத்தில் எடுத்தவர்களில் அது 15.3 விழுக்காடு. பிறந்த குழந்தை முனகி முனகி மூச்சுவிட, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் நல்ல நேரம் என்று அந்த வாரத்தைச் சொல்ல மாட்டார்கள். மருத்துவரே ஏதேனும் காரணம் சொல்லி 37-இல் எடுக்கச் சொன்னால் அது வேறு, அதை மறுக்காதீர்கள். மற்றபடி, 39 வாரம் நிறைந்த பிறகும் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் வராமலா போகும்?

இரவுப்பணியாளர் எழுதியது:

இந்தப் பேச்சில் ஆண் ஒருவன் சொல்ல வேண்டியது ஒன்று விடுபட்டிருக்கிறது. நான் பாதுகாவல் பணியில் இருக்கிறேன். என் மனைவி கருவுற்றிருந்தபோது நான் நாளுக்குப் பத்து சிகரெட் பிடித்தேன். வீட்டுக்குள் பிடிக்கவில்லை, சமையலறைச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்ததால் யாருக்கும் தீங்கில்லை என்று நம்பினேன். எங்கள் மகள் 36 வாரத்தில் பிறந்தாள். என் புகையால்தான் அப்படி ஆனது என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் பரிசோதனைக்குச் சென்ற ஒரு நாள், வீட்டில் யாரேனும் புகைக்கிறார்களா என்று மருத்துவர் கேட்க, மனைவி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

பிறகுதான் படித்தேன். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் உயிர்வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, நிக்கோட்டின் இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. இரண்டும் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தத்தைத்தான் கெடுக்கின்றன. பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதித்த நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் வெளியிட்டார்கள். சட்டம் வந்த பின் குறைப்பிரசவம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்திருந்தது. இங்கும் 2013 சனவரியிலிருந்து பொதுத் தாழ்வாரத்திலும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலும் புகைபிடிக்கக்கூடாது. ஆனால் என்னைப் போலச் சன்னலோரம் நிற்பவரின் புகை மேல்வீட்டுக்குப் போவதை அந்தத் தடை நிறுத்துவதில்லை. தங்கை, உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ அப்படி எவரேனும் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். காட்டுத்தீப் புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துச் சன்னலைச் சாத்துங்கள். நுண்துகள்களுக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. 2013 சூன் 21 அன்று அந்தக் குறியீடு 401-ஐத் தொட்டபோது நான் வெளியே பணியில் நின்றேன். எதிர்ப் புளோக்கே தெரியவில்லை.

ஈசூன் தாய் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். மகனின் கையில் கட்டியிருந்த பெயர்ப்பட்டை, என் விரலில்கூட நுழையாத அளவில், அதற்குள் மடங்கிக் கிடந்தது. மருத்துவமனை கொடுத்த கடிதத்தை அப்போது நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. வலியின்றிப் பனிக்குடம் உடைந்தது, நுரையீரலுக்கு இரண்டு ஊசிகள் போடப்பட்டன, சேர்க்கப்பட்ட அன்று எடுத்த சிறுநீரில் கிருமி வளர்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறது. அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். நான் நிறைமாதத்தில் பிறந்தவள், என் தம்பி மட்டும் 35 வாரத்தில் பிறந்திருக்கிறான். இத்தனை நாளும் அவனை இளைத்த பிள்ளை என்றுதான் வீட்டில் சொல்வோம், காரணத்தை யாரும் சொன்னதில்லை.

இன்று காலை மருத்துவமனையை அழைத்துப் பேசினேன். நாளை மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனையும், இரத்த அழுத்தத்துக்கான கணிப்பும் செய்கிறார்கள். கருப்பைவாய் ஸ்கேனுக்கு 16 வாரத்தில் முதல் தேதி கொடுத்திருக்கிறார்கள். கைப்பையில் ஒரு வெள்ளி நாணயத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுக்காரர் சன்னலோரம் புகைப்பவர்தான். அவரிடம் என் கணவர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தை மாமியாருக்கும் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைத் தன் கையில் வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பிறகு, “கிருமியா? அப்படியென்றால் நீ தண்ணீரே குடிப்பதில்லை என்று அப்போதே சொன்னேனே” என்றார். மாலையில் என் மேசைமேல் இரண்டு லிட்டர் போத்தல் ஒன்றை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.